துணி கிளிப் ரயில்

எங்கள் வீட்டுத் துணிக் கயிற்றில் கிளிப்புகள் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். ஊரப்பாக்கத்தில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு வீட்டின் மொட்டை மாடியில், ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். அங்கே காற்றுக்குக் குறைவில்லை. துணி நிற்க வேண்டுமென்றால் கிளிப் வேண்டும். அம்மா சேர்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒன்று விடாமல் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

“இன்னாடி, அல்லாத்தையும் வாரிகினு போயிட்ட? உங்கப்பா லுங்கி பக்கத்து மாடிக்குப் பறந்துகினு போவுது. ஸ்கூல்ல துணியா தோய்க்கிறீங்க?” என்றாள் அம்மா.

“இலக்கணம் சொல்லிக் குடுக்கறேம்மா.”

“கிளிப்புலயா?”

“கிளிப்புலதான்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு கட்டு அட்டை கொண்டுவந்தாள். தாம்பரத்தில் ஒரு சேலைக் கடையில் பிரித்த சேலைகளை மறுபடி மடித்து அடுக்குவது அவள் வேலை. சேலைப் பெட்டியின் மூடி வழவழவென்று இருக்கும், மார்க்கர் பேனாவால் எழுதினால் அழகாக நிற்கும். “இதுல எழுதிக்கோ. கிளிப்ப மட்டும் எப்பனா திருப்பிக் குடு” என்றாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தவள் நான். அதற்கு மேல் தமிழில் பட்டம், பிறகு பி.எட். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வராவிட்டாலும் பரவாயில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தத் தனியார் பள்ளி. ஒரு காலத்தில் நெல் விளைந்த தங்கள் நிலத்தில், பழைய ஊர்க் குடும்பத்துக்காரர் ஒருவர் கட்டியது. அவரைக் கரஸ்பாண்டன்ட் சார் என்போம். எனக்கு அங்கே பெயர் ஆக்டிவிட்டி மிஸ். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் நிற்க வேண்டும். விளையாட்டு விழா என்றால் கோடு போட வேண்டும். வாசலில் கோலமும் நான்தான்.

ஐந்தாம் வகுப்புத் தமிழாசிரியை பிரசவ விடுப்பில் போன பிறகு, அந்த வகுப்பு நாள்தோறும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். நான் அதற்காகக் காத்துக் கிடந்தேன்.

பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினார்கள். எழுதச் சொன்னால் மட்டும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. “புலி மான் துரத்தினான்” என்று ஒரு பையன் எழுதினான். யார் யாரைத் துரத்தியது என்று கேட்டேன். “படத்துல பாருங்க மிஸ், தெரியும்” என்றான். எழுத்திலேயே தெரிய வேண்டும் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பலகையில் எழுதினால் அதையும் அழகாகப் பார்த்து எழுதிக்கொள்வான். புலியும் மானும் அப்படியே நிற்கும்.

தினமும் ரயிலில் வருகிறவளுக்கு ரயில்தான் தோன்றும். ஒரு வாக்கியத்தை ரயிலாக நிறுத்தினேன். பிள்ளைகள்தான் பெட்டிகள். ஒவ்வொருவர் கழுத்திலும் சேலைப் பெட்டி அட்டையில் ஒரு சொல். முன்னால் நிற்பது இன்ஜின், அதுதான் எழுவாய். கடைசியில் கார்டு பெட்டி, அதுதான் பயனிலை. நடுவில் வரும் பெட்டிகளைக் கோக்க ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’, ‘இல்’ என்று எழுதிய துணி கிளிப்புகள். கிளிப் இல்லாத பெட்டி நகரக் கூடாது. சரியான கிளிப்பைச் சட்டைக் கையில் மாட்டிவிட்டால் வண்டி வகுப்பைச் சுற்றி வரும், ‘தடக் தடக்’ என்று எல்லாரும் வாயால் சத்தம் கொடுக்க.

இந்த ஆட்டத்தில் அவுட் கிடையாது. தப்பாகக் கிளிப் போட்டால் தப்பான வண்டியையே ஓட்டி, அதை உரக்க வாசிக்க வேண்டும். முதல் நாளே ஒருத்தி ‘ஐ’ கிளிப்பைப் புலிக்கு மாட்டிவிட்டாள். “புலியை மான் துரத்தியது” என்று வகுப்பே வாசித்தது. பிறகு சிரித்தார்கள் பாருங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து மிஸ் எட்டிப் பார்க்கும்படி. மான் அட்டையைப் போட்டிருந்த பையன் நிஜமாகவே புலியைத் துரத்திக்கொண்டு ஓடினான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் ‘ஐ’யை விட்டு எழுதவில்லை.

கார்டு பெட்டிக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அது ஒரு சிறுமிக்காக உண்டானது.

அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருந்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்துவிட, தாம்பரம் பக்கம் குடிவந்த குடும்பம் அவளுடையது. சேர்ந்த புதிதில் ஒரு நாள் எழுந்து, “எங்க வூட்ல ஒரு பூன கீது மிஸ்” என்றாள். வகுப்பு சிரித்தது. அன்றோடு வாயை மூடியவள்தான். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். அவள் சொன்ன வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவதும் அதுதான். அந்தச் சிரிப்பை நான் கல்லூரியில் கேட்டிருக்கிறேன். அதனால் அவளை எந்த வாக்கியமும் சொல்லச் சொல்லவில்லை. கார்டு ஆக்கினேன். கார்டுக்கு ஒரே ஒரு கேள்வி. வண்டி கிளம்பும் முன் முன்னால் நடந்து போய், இன்ஜினின் தோளைத் தொட்டு, “நீங்க யாரு?” என்று கேட்க வேண்டும். இன்ஜின் ‘நான்’ என்றால் கார்டு ‘வந்தேன்’ அட்டையை எடுக்க வேண்டும், ‘நாங்கள்’ என்றால் ‘வந்தோம்’. கார்டு கேட்காமல் எந்த வண்டியும் கிளம்பாது. எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தாக வேண்டும்.

முதலில் அவள் உதடு மட்டும் அசைந்தது. வகுப்பு பொறுமையில்லாமல் நின்றது. “கார்டு, சத்தமா!” என்றார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு நாள் அவள் இன்ஜின் தோளில் பட்டென்று தட்டி, “நீங்க யாரு?” என்று கேட்டாள், பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல. அன்று சாயங்காலம் ரயிலில் அதை அக்காவிடம் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை, அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. ஊரப்பாக்கத்தில் லைனுக்கு அந்தப் பக்கம், அபார்ட்மென்டில் வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், தமிழில் எம்.ஏ. இன்னமும் அக்கா என்றுதான் எழுத வருகிறது. அவரைக் கூப்பிட என்னிடம் வேறு சொல் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்டாஃப் ரூமில் என் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தபோது, அவராகவே என் கருவாட்டுக் குழம்பில் விரலைத் தொட்டு நக்கி, “அடிப்பாவி, இத மறைச்சு வச்சா சாப்பிடற?” என்றார். அதிலிருந்து லேடீஸ் பெட்டியில் எனக்கு இடம் பிடித்து வைப்பது அவர் வழக்கம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவர் கைப்பை, நான் ஏறியதும் கைப்பை மடிக்குப் போகும். நான் அசந்து மறந்து “வந்துகினு” என்றால் காதைத் திருகுவார். “கேட்டுக்கு வெளியவே அதக் கழட்டி வச்சிட்டு வாடி, பிரின்சிபால் மேடம் காதுல விழுந்தா உன்ன ஆயா வேலைக்குப் போட்டுடுவாங்க.” வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அக்கா சொன்னால் சிரிப்பேன்.

விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வரவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு நிரந்தரத் தமிழாசிரியை எடுக்கப்போவதாக போர்டில் ஒட்டினார்கள்.

“நீ போடுடி. உனக்குன்னே வந்த வேல” என்றார் அக்கா.

“நீங்க போடலயாக்கா? எம்.ஏ. வேற.”

“எனக்கெதுக்கு? அவருக்கு எப்ப வேணா டிரான்ஸ்ஃபர் வரும். ரெண்டாவதோட நான் நிம்மதியா இருக்கேன். நீ போடு.”

அந்த வேலை எனக்கு என்னவென்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. ஆக்டிவிட்டி மிஸ் என்றால் அடையாள அட்டையில்கூட ஆசிரியை என்று போட மாட்டார்கள். ‘உதவியாளர்’ என்று இருக்கும். அம்மா அந்த அட்டையைத் தடவிப் பார்த்து, “இதுல டீச்சர்னு எழுதிக்கீதா?” என்று கேட்டபோது “ஆமா” என்று சொல்லிவைத்திருந்தேன். அதை உண்மையாக்க வேண்டியிருந்தது.

எங்களைப் போன்ற பள்ளிகளில், எத்தனை நாள் வேலை பார்த்தவளானாலும் ஒரு புதுப் பதவிக்கு டெமோ கிளாஸ் எடுத்தாக வேண்டும். அதில் ஒரு நாடகம் உண்டு. தினமும் பார்க்கும் பிள்ளைகளிடமே, அன்றுதான் பார்ப்பதுபோல ‘குட் மார்னிங்’ சொல்லித் தொடங்க வேண்டும். பிள்ளைகளும் பழகியவர்கள். ஆபீசர்கள் வரும் நாளில் எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை என்பதெல்லாம் அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தரப்படும். நானும் என் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். “டெமோ அன்னைக்கு நம்ம ரயில் ஆட்டந்தான். ஆனா முன்னாடியே தெரியும்னு காட்டிக்கக் கூடாது. அன்னைக்குத்தான் புதுசா கத்துக்கிறீங்க. சார் கேட்டா?”

“தெரியாது சார்!” என்றது வகுப்பு.

“இன்னும் சத்தமா.”

“தெரியாது சார்!”

அந்த வாரம் முழுதும் ரயிலில் அக்காவிடம் ஒத்திகை பார்த்தேன். “நான் கரஸ்பாண்டன்ட், நீ எனக்குச் சொல்லு” என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் துப்பட்டாவிலும் அவர் முந்தானையிலும் கிளிப்புகளை மாட்டி விளக்கினேன். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இன்னாமா, ரயிலுக்குள்ள ரயில் வுடுறீங்க?” என்றாள். பெட்டியே சிரித்தது.

அக்கா நிறையக் கேள்வி கேட்டார். தப்பாகப் போட்டால் ஏன் அவுட் இல்லை? எந்தக் கிளிப்பை முதலில் தர வேண்டும்? “அந்தக் கார்டு கேக்கற கேள்விய மட்டும் இன்னொரு தடவ சொல்லு. அந்தப் பொண்ணு எப்படிப் பேச ஆரம்பிச்சா?” சொன்னேன். வண்டலூர் போய், பெருங்களத்தூர் போய், தாம்பரம் வரும்வரை சொன்னேன். என் வாழ்க்கையில் என் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

டெமோ ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். காலையில் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “உடம்பு சரியில்லடி, இன்னைக்கு நான் வரல. பயப்படாத, நல்லா பண்ணு.” லேடீஸ் பெட்டியில் அவருடைய ஜன்னலோரத்தில் நானே உட்கார்ந்துகொண்டு போனேன். அவர் இல்லாதது ஒரு குறையாகக்கூட இருந்தது.

மாடி ஹாலுக்கு வெளியே, தண்ணீர் டிரம் பக்கத்தில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவர் உள்ளே எடுத்துக்கொண்டிருப்பதாக ஆபீசில் சொன்னார்கள். வெளியாள் யாரோ என்று நினைத்தேன். கிளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு விசில் ஊதியது. பிறகு, ‘தடக் தடக், தடக் தடக்.’

பிள்ளைகள் என்றால் ரயில் விடாமல் இருப்பார்களா என்று நினைக்கப் பார்த்தேன். அவ்வளவு முட்டாளாக இருக்க முடிந்தது எனக்கு. அப்புறம் ‘தடக் தடக்’ நின்றது. ஹால் அமைதியானது. அந்த அமைதி எதற்கென்று எனக்குத் தெரியும். கார்டு முன்னால் நடந்து போகிறாள்.

“நீங்க யாரு?”

அவள் குரல்தான். கணீரென்று, கதவைத் தாண்டி வந்தது.

எழுந்து போய் ஒருக்களித்திருந்த கதவு வழியே பார்த்தேன். பளபளவென்று லேமினேட் செய்த அட்டைகள். மரத்தால் செய்த புதுக் கிளிப்புகள். பச்சைக் கொடி. பட்டுப் புடவையில், கழுத்தில் விசிலோடு அக்கா. உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

“இந்தப் பொண்ணு கிளாஸ்ல வாயே திறக்காதாம் சார்” என்று கரஸ்பாண்டன்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தலையில் கையை வைத்து. “வீட்ல ‘கீது’, ‘வூடு’ன்னு பேசறவங்க, அதனால கூச்சம். பாருங்க, ஒரே விளையாட்டுல பேச வச்சுட்டேன்.”

அவர் என் ஆட்டத்தை எடுத்தது அப்போது எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. நான் ரயிலில் அவரிடம் மனம் விட்டுச் சொன்னதை, என் வீட்டுப் பேச்சையும் சேர்த்து, அந்தச் சிறுமியின் தலைமேல் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது அக்கா என்னைப் பார்த்தார். “ஈவினிங் பேசறேன்டி” என்றார் மெதுவாக. நடந்துபோன பிறகும் அவர் பவுடர் வாசனை அங்கேயே நின்றது.

நான் உள்ளே போய்ப் பையிலிருந்த அட்டைகளை வெளியே எடுத்ததும் பிரின்சிபால் மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “நீங்களும் டிரெயினா? ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்களா?”

“மேடம், இது நான் கண்டுபிடிச்ச விளையாட்டு. மழை சீசன்லேர்ந்து இந்த வகுப்புல ஆடிக்கிட்டிருக்கோம். பசங்களயே கேட்டுப் பாருங்க.”

கரஸ்பாண்டன்ட் சார் நியாயமான மனிதர். அன்றும் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஏம்பா, இந்த ரயில் ஆட்டம் உங்களுக்கு இன்னைக்கு முன்னாடியே தெரியுமா? நெஜத்தச் சொல்லுங்க” என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகத்திலும் ஒரு பூரிப்பு. மிஸ் சொல்லிக் கொடுத்த கேள்வி வந்துவிட்டது.

“தெரியாது சார்!”

எல்லாருக்கும் மேலே, கடைசி வரிசையிலிருந்து, கார்டின் குரல் தனியாகக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. “பசங்களே, டெமோவ மறந்துடுங்க, நெஜமா சொல்லுங்க” என்றேன். அவர்களுக்கு அதுவும் நாடகத்தின் ஒரு பகுதியாகத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டினார்கள். “தெரியாது மிஸ்!” என்றார்கள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். “யாருதுன்னு இப்ப பஞ்சாயத்து வேணாம்மா. எடுக்கறீங்கன்னா எடுங்க.”

எடுத்தேன். அழாமல் எடுத்தேன். புலி ஓடியது, மான் ஓடியது. அம்மாவின் நைந்த பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பிள்ளைகள் ஆசையாக மாட்டிக்கொண்டார்கள். “அந்த மிஸ் கிளிப்பு வழுக்குது, உங்களுதுதான் நல்லா கடிக்குது” என்றான் ஒருவன். அப்போது கரஸ்பாண்டன்ட் சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாதியிலேயே மேடம் கையைக் காட்டினார். “போதும்மா, அதே பாடம் பாத்துட்டோம்.”

மத்தியானமே முடிவு தெரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான்.

சாயங்கால ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் கைப்பை. என்னைப் பார்த்ததும் கைப்பை மடிக்குப் போனது. நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து அவர் எதிரில் நின்றேன்.

“உக்காருடி. எல்லாரும் பாக்கறாங்க.”

“ஏங்க்கா போட மாட்டேன்னு சொன்னீங்க?”

“அப்ப போடறதா இல்ல. அப்புறம் யோசிச்சேன். ரெண்டாவதுலயே எத்தன வருஷம் ‘அ, ஆ’ன்னு கத்தறது? உனக்கு வயசிருக்கு. இன்னும் நாலு ஸ்கூல் பாப்ப. எனக்கு இதுதான் கடைசி.”

“அதச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ மூஞ்சத் தூக்குவ.” கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “ஒரு விளையாட்டுதானடி? பாண்டி, பல்லாங்குழி எல்லாம் யாரு கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டுட்டா ஆடறோம்?”

“பாண்டிய உங்க முந்தானைல மாட்டி நான் சொல்லித் தரலக்கா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டலூர் தாண்டியதும் சாதாரணக் குரலில் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. “அந்தப் பழைய கிளிப்ப திங்கக்கிழம எடுத்துட்டு வரியா? மரக் கிளிப் பசங்க சட்டைல நிக்க மாட்டேங்குது.”

“அது எங்கம்மாவோடது” என்றேன்.

வீட்டுக்கு வந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் துணிக் கயிற்றில் மாட்டினேன். மார்க்கர் எழுத்து போகவில்லை. அப்பாவின் லுங்கியில் ‘ஐ’யும் ‘ஆல்’உம், என் துப்பட்டாவில் ‘கு’. அம்மா பார்த்தாள்.

“கிளிப்பு வந்துச்சே. வேல இன்னாச்சு?”

“கெடைக்கல.”

“நீதான்னியே. பசங்கள்லாம் உன்னாண்டதான் படிக்குதுன்னியே.”

“வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க.”

யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல வேண்டியிருக்கும். தீபாவளிக்கு அக்காவுக்கு முறுக்கு சுற்றிக் கொடுத்தவள் அவள். “உங்கூட வர்ற டீச்சரம்மா உனக்காண்டி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றாள். நான் ஈரத் துணியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

திங்கட்கிழமை வேறு பெட்டியில் ஏறினேன், நின்றுகொண்டே போனேன். பள்ளியில் பிரேயர் முடிந்து வரிசை கலைந்தபோது, மாடிப்படி அடியில் கார்டு எனக்காகக் காத்திருந்தாள்.

“வேல கெடச்சிச்சா மிஸ்?”

இவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன்.

“வெள்ளிக்கெழம ரெண்டாவது மிஸ் வந்து சொன்னாங்க. உங்களுக்கு வேல கெடைக்கணும்னா, அவங்க கூடவும் ஒரு வாட்டி நல்லா ஆடிக் காட்டணும்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாது, சர்ப்ரைஸ்னு.”

அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என்னை எட்டாம் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த வகுப்பை நான் பாத்துக்கறேன் என்று சொல்லி என்னை அனுப்பி வைத்ததும் அக்காதான்.

“கெடைக்கலம்மா” என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “நான் சத்தமா கேக்கலயா?”

“கேட்ட. கதவுக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சு. நான் வெளியதான உக்காந்திருந்தேன்.”

“அப்பறம் சார் கேட்டப்போ, ‘தெரியாது’ன்னு நான்தான் மிஸ் எல்லாரயும்விடச் சத்தமா சொன்னேன்.”

“அதுவும் கேட்டுச்சு.”

அவள் யோசித்தாள். “அப்ப யாருக்கு மிஸ் கெடச்சிச்சு?”

ஏதாவது சொல்லி அனுப்பிவிட நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே ஒருவர் பொய் சொல்லியாகிவிட்டது. “ரெண்டாவது மிஸ்ஸுக்கு. இனிமே உங்களுக்குத் தமிழ் அவங்கதான்.”

“அவங்க உங்களுக்குன்னு சொன்னாங்களே” என்றாள். அதை அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். பழைய மாதிரி, காலால் சிமென்ட்டைத் தேய்த்துக்கொண்டு தரையையே பார்த்தாள். எனக்கு அந்த வேலை போனதைவிட அதுதான் பயமாக இருந்தது.

“இங்க பாரு. யாரு வண்டி வுட்டாலும் நீதான் கார்டு. நீ கேக்காம வண்டி கெளம்பாது. யாரு இருந்தாலும் கேளு. இன்னா?”

அக்கா கேட்டுக்கு வெளியே கழற்றி வைக்கச் சொன்ன ‘இன்னா’ அது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. மணி அடித்ததும் படியேறிப் போய்விட்டாள்.

முதல் பீரியட் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ். எனக்கு அன்று வாசலில் புதிதாகக் கோலம் போடச் சொல்லியிருந்தார்கள். மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு படியடியிலேயே நின்றேன். மேலே விசில் ஊதியது. ‘தடக் தடக்’ என்று கிளம்பி நின்றது. “தப்பு, நீ அவுட்” என்று அக்காவின் குரல். மறுபடி விசில். அமைதி. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. “சீக்கிரம்” என்றார் அக்கா.

“நீங்க யாரு?”

சத்தமாகத்தான் கேட்டாள். அதில் டிக்கெட் கேட்கிற விளையாட்டு இல்லை. இன்ஜினைக் கேட்டாளா, விசில் வைத்திருந்தவரைக் கேட்டாளா, படியடியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே ஏறிப்போய் அந்த விசிலைப் பிடுங்கி எறிய வேண்டும்போலவும் இருந்தது. மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.